நாயகத்துக்கு விரித்த இலை

மலாக்காவுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் கையில் ஒரு தோல்பெட்டியோடு பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரயாணியாகப் போனது அந்த ஒரு தடவைதான். அதற்கு முன்பெல்லாம் கப்பலின் மேல்தட்டில் நின்று எல்லோரையும் அதட்டிக்கொண்டே வந்தவன் நான். நாகப்பட்டினத்து முதலாளி ஒருவருடைய சரக்குக் கப்பலுக்குக் கேப்டனாக இருந்துவிட்டு, கண் மங்கியதும் மரியாதையாக இறங்கிக்கொண்டேன். இறங்கிய பிறகு கடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கிழக்கே ஜன்னல் வேண்டாம் என்று கொத்தனாரிடம் சண்டை போட்டவன் நான்.

இந்தத் தடவை போனது ஊர் பார்க்க அல்ல. என் கப்பலில் இருபது வருஷத்துக்கு மேல் சுக்கான் பிடித்து, நான் இறங்கியதும் சொந்த ஊரான மலாக்காவுக்கே திரும்பிவிட்ட தெய்வநாயகத்தைக் காணவில்லை என்று, மலாயாவிலிருந்து திரும்பிய ஒரு கப்பல் சமையற்காரர் வந்து சொன்னார். அவர் கப்பல் ஏறும்போதே ஒரு வாரமாக ஆளைக் காணோமாம். தங்கை தேடாத இடம் இல்லையாம். "செத்துட்டாருன்னும் சொல்றாங்க, ஓடிட்டாருன்னும் சொல்றாங்க கேப்டன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாயகம் ஓடுகிற ஆள் இல்லை. மாலுமிகள் எல்லோரும் சாமியைக் கூப்பிட்டு அலறிய புயல்களில்கூடச் சுக்கானை விட்டு அசையாதவன், கரையில் எவனுக்குப் பயந்து ஓடப்போகிறான்?

"இந்த வயசுல அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்றாள் என் மனைவி. பெட்டியையும் அவளேதான் அடுக்கிக் கொடுத்தாள்.

மலாயா சுதந்திரம் வாங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு அது. டுரியான் பருவம் வேறு. துறைமுகத்தில் இறங்கிப் பிடித்த பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு சீனர் டுரியான் மூட்டைகளோடு ஏறினார். அந்த வாடையை விவரிக்கச் சொன்னால் எனக்குத் தெரிந்த வார்த்தைகள் எதுவும் அச்சில் வராது. பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். ஜாக்கியை எங்கே கொடுக்க வேண்டும், யார் எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று நான் என்னையறியாமல் உத்தரவு போட ஆரம்பித்துவிட்டேன். டிரைவர் மலாய்க்காரர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க என்ன கப்பல் கேப்டனா? இது பஸ்ஸு" என்றார் மலாயில். எனக்கு மலாய் புரியும் என்று அவருக்குத் தெரியாது. புரிந்ததாக நானும் காட்டிக்கொள்ளவில்லை.

சீனர் ஒரு மூட்டையைப் பிரித்து எல்லோருக்கும் பழம் பிளந்து கொடுத்தார். மலாய்க்காரர், சீனர், ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் எல்லோரும் சாலையோரம் குந்தி உட்கார்ந்து விரலை நக்கினார்கள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. நாயகம் எனக்கு இருபது வருஷமாக ஊட்டிப் பார்த்தும் நான் தொடாத பழம் அது.

மலாக்கா நகரம் முழுக்க மூங்கில் வளைவும் கொடியும் காகிதப் பூவுமாக இருந்தது. எங்கே திரும்பினாலும் யாராவது ஏணிமேல் நின்று எதையாவது கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் பத்து வருஷத்துக்கு முன்பு இப்படித்தான் இருந்தது. நாகப்பட்டினத்தில் நாங்கள் கட்டிய வளைவு மழையில் சரிந்து ஒரு வக்கீலின் குடையைக் கிழித்தது. பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் காஜா பெராங்குக்குப் போனேன். ஓட்டியவர் என் வயதுச் சீனர். மேட்டில் அவர் மூச்சு வாங்குவதைக் கேட்கச் சகிக்காமல் நான் இறங்கி நடந்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கூலி குறைக்கவா?" என்றார். மறுபடி ஏறிக்கொண்டேன்.

நாயகத்தின் கம்பம் காஜா பெராங் சாலையை ஒட்டி இருக்கிறது. கம்பம் என்றால் அங்கே குடியிருப்பு. அங்கே இருப்பவர்களை மலாக்காச் செட்டிகள் என்பார்கள். நம் நகரத்தார் அல்ல; வட்டிக்கடையும் கிடையாது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள், உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றியில் விபூதி, கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். பெண்கள் கட்டுவது சாரோங்கும் கெபாயாவும்.

நாயகம் தமிழ் கற்றதே என் கப்பலில்தான். அதனால் அவனுக்குத் தெரிந்த தமிழ் நாகப்பட்டினம் துறைமுகத் தமிழ். கோயில் குருக்களிடமே ஒருமுறை அந்தத் தமிழில் நலம் விசாரித்திருக்கிறான். குருக்கள் காதைப் பொத்திக்கொண்டாராம்.

அவன் தங்கை அமிர்தம் வாசலுக்கு ஓடி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. அண்ணனும் கல்யாணம் செய்துகொள்ளாதவன். அந்த வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான். "அபாங்" என்றாள். அண்ணா என்று அர்த்தம். சொன்னதுமே அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான்.

அழுது முடித்ததும் முதலில் கேட்டது சாப்பிட்டாயிற்றா என்று. தேங்காய்ப்பால் சோறு, மிளகும் புளியும் தூக்கலாக ஒரு மீன் குழம்பு, பெலாச்சான் சம்பால். பெலாச்சான் என்றால் இறாலைப் புளிக்க வைத்து இடித்தது. என் மனைவி அதைப் பார்த்தால் வீட்டையே கழுவிவிடுவாள். பரிமாறிக்கொண்டே அமிர்தம் மலாயில் புலம்பினாள். "நீங்கதான் அவனைக் கெடுத்தது. இவ்வளவு சமைச்சு வெச்சாலும் காலையில அவனுக்கு ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி, வெங்காயமும் கருவாடும் வெச்சுக் குடுக்கணும். இந்தக் கம்பத்துல எவன் தின்பான் அதை? எல்லாரும் சிரிப்பாங்க." சொல்லிவிட்டு முந்தானை இல்லாததால் கெபாயாவின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சா போதும் அபாங். அழவும் முடியல, அழாம இருக்கவும் முடியல" என்றாள். நான் எதற்காக வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது.

மறுநாள் காலை சாலை முனையில் முனியாண்டியின் கடைக்குப் போனேன். பிறந்தது ரப்பர்த் தோட்டத்தில், ஊரில் கடை வைத்துப் பல வருஷம். "பசியாறியாச்சா கேப்டன்? உக்காருங்க லா" என்று நாற்காலியைத் துடைத்தார். அங்கே காலைப் பலகாரத்துக்கே பசியாறுதல் என்றுதான் பெயர். நம் ஊரில் டிபன் என்று எதற்குச் சொல்கிறோமோ தெரியவில்லை. ரொட்டியும் பருப்புக் குழம்பும் சாப்பிட்டேன். கோப்பியில் பாதிக்குப் பாதி டின் பால்.

நாயகத்தின் பேரை எடுத்ததுமே கடையில் ஆளுக்கு ஒரு கதை. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகள் பிடித்துப் போய்விட்டார்கள் என்றார் ஒருவர். வெள்ளைக்காரப் போலீஸ்தான் தூக்கிவிட்டது என்றார் இன்னொருவர். சிங்கப்பூரில் ஒரு பொம்பளையோடு இருக்கிறான், நானே பார்த்தேன் என்று மூன்றாவது ஆள் சத்தியம் பண்ணினார். அவர் சிங்கப்பூருக்குப் போனதே இல்லை என்று முனியாண்டி பிறகு சொன்னார். யாருக்கு எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கு ஏற்ற மாதிரி நாயகம் காணாமல் போயிருந்தான்.

கூட்டம் கலைந்ததும் முனியாண்டி குரலைத் தாழ்த்தினார். "கேப்டன், நாயகண்ணன் கோயில் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசறதா இருந்தாரு. அதுக்கு முந்தின வாரந்தான் காணாம போனாரு. நா சொன்னேன்னு சொல்லிராதீங்க. ரொம்ப சூசாவாயிரும் எனக்கு." சூசா என்றால் தொல்லை.

எதைப் பேசுவதாக இருந்தான் என்று எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. சில வருஷங்களுக்கு முன் தோட்டத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் பலரை, கலகக்காரர்கள் என்று வெள்ளைக்கார சர்க்கார் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. அதில் சிலர் எங்கள் கப்பலில்தான் வந்தார்கள். மலாயாவிலேயே பிறந்தவர்கள், நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூடத் தெரியாதவர்கள். வழியெல்லாம் நாயகத்திடம் சுக்கான் அறையில் உட்கார்ந்து அழுதார்கள். கூலியாட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் பொய்யாகத் தங்கள் பெயரைப் போலீசில் கொடுத்தார் என்று அத்தனை பேரும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள். அந்த ஒப்பந்தக்காரர்தான் இப்போது மலாக்காவில் தலைவர். சுதந்திரம் வந்ததும் தமிழர்கள் சார்பில் நாற்காலியில் உட்காரப் போகிறவர். அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. தலைவர் என்றே வைத்துக்கொள்வோம்.

போலீஸ் நிலையத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி தன் புத்தகங்களை மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். இன்னும் சில நாளில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுகிறாராம். புதிய ஆட்கள் வருவார்களாம். அவர்களிடம் சொல்வது நல்லதாம். "பிரேதம் இல்லாமல் கொலை ஏது கேப்டன்?" என்று கேட்டுவிட்டு, பெட்டியில் ஒரு புத்தகத்துக்கு இடம் தேடினார். எனக்கு அந்தப் பெட்டியை உதைக்க வேண்டும் போல் இருந்தது.

தலைவர் வீட்டுக்கும் போனேன். போகக்கூடாது என்று அமிர்தம் சொன்னாள். போகாமல் எப்படி இருப்பது? வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் போட்ட ஆரஞ்சுச் சர்பத் வந்தது. "நாயகம் என் தம்பி மாதிரி. என் ஆளுங்க தேடிக்கிட்டே இருக்காங்க. சுதந்திரம் முடியட்டும் கேப்டன், பெரிய லெவல்ல பாத்துக்கலாம்" என்றார். சுவரில் இந்தியத் தலைவர் படம் ஒன்று, மலாய்த் தலைவர் படம் ஒன்று, இங்கிலாந்து ராணி படம் ஒன்று. எந்தப் படம் எப்போது இறங்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் சர்பத் குடிக்க மறந்துவிட்டேன். நல்லவேளை.

திரும்பும்போது நாயகத்தின் சித்தப்பா மகன் சின்னையா சாலையில் எதிர்ப்பட்டான். நாற்பது வயது, கூச்ச சுபாவி. நாயகத்தோடு கடைசியாகப் பேசியவர்களில் அவனும் ஒருவன் என்று அமிர்தம் சொல்லியிருந்தாள். காணாமல் போன அன்று மாலை அண்ணன் தெங்கேராக் கடற்கரைப் பக்கம் நடந்து போனதைப் பார்த்தேன் என்றான். அதையே மூன்று தடவை சொன்னான். "நாளைக்கு எங்க வீட்டுல பார்ச்சு. நீங்க அவசியம் வரணும்" என்றும் கேட்டுக்கொண்டான். அவன் மலாயில் நடுக்கம் இருந்தது. துக்கம் என்று நினைத்தேன்.

பார்ச்சு என்பது அவர்கள் முன்னோருக்குப் படைப்பது. நம் ஊர் அமாவாசைப் படையல் மாதிரிதான், ஆனால் நம்மைவிட அவர்களுக்கு அக்கறை அதிகம். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒன்று பொங்கலுக்கு முந்தின நாள், இன்னொன்று பழக்காலத்தில். செத்துப்போன ஒவ்வொருவருக்கும் என்ன பிடிக்குமோ அதையே சமைத்து இலையில் வைக்க வேண்டும். ஒருத்தருக்குச் சுருட்டு, ஒருத்தருக்குக் கள், ஒருத்திக்கு வெற்றிலை. பிறகு சாம்பிராணி போட்டு, அவர்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று நம்பிக்கை.

"அண்ணனுக்கு இலை போடலாமான்னு சின்னையா பொண்டாட்டி கேட்டா" என்று மறுநாள் போகும் வழியில் அமிர்தம் சொன்னாள். "நான் சண்டை போட்டுட்டேன். உயிரோட இருக்கிறவனுக்கு இலை போட்டா அது சாபம் அபாங். அவன் வந்துருவான்."

சின்னையா வீடு சொந்தக்காரர்களால் நிரம்பியிருந்தது. கூடத்தில் வரிசையாக வாழையிலை. கோழி, இறால், பயறு வைத்துச் செய்த பலகாரம், ரம்புத்தான், மங்குஸ்தான், நடுவில் பிளந்து வைத்த டுரியான். சின்னையாவின் மனைவி கனகம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. வெங்காயம் என்றாள். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன்.

சமையலறைக்கு வெளியே, கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவே, யாரும் பார்க்காத இடத்தில் ஓர் இலை விரித்திருந்தது. பக்கத்தில் சின்ன அகல் விளக்கு. இலைமேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிய சோறு, உரித்த சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் கம்பத்தில் எவன் தின்பான் அதை?

பின்னால் கனகம் வந்து நின்றது தெரிந்தது. "நீ அவனுக்கு இலை போட்டிருக்கே" என்றேன் மலாயில். அவள் மறுக்கவில்லை. அதற்குள் சின்னையா எட்டிப் பார்த்தான். என்னையும் இலையையும் பார்த்தவன் பாய்ந்து வந்து இலையைச் சுருட்டப் போனான். கனகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு சன்னமாகச் சொன்னாள் தெரியுமா! "விடுங்க. ஒரு மாசமாப் பட்டினி. தினமும் வந்து என் கால்மாட்டுல நிக்கிறாரு. சாப்பிட்டுப் போகட்டும்."

காணாமல் போனவனுக்கு யாரும் இலை போடுவதில்லை. செத்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தவள்தான் போடுவாள். இருபது வருஷம் என் பக்கத்தில் நின்றவன் செத்துவிட்டான் என்று எனக்கு ஒரு கிண்ணம் பழைய சோறு சொன்னது. சின்னையாவின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது உண்மை. கூடத்திலிருந்து அமிர்தம், "அபாங், வாங்க, கதவு சாத்தப் போறாங்க" என்று கூப்பிட்டாள்.

போய் அவள் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் வாசலில் பேசாமல் நின்றோம். உள்ளே சாம்பிராணிப் புகை. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. அமிர்தம் கண்ணை மூடிக் கைகூப்பி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்பா, அம்மா, தாத்தா எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது என் அண்ணனை எங்கே இருந்தாலும் உயிரோடு கொண்டுவந்து விடுங்கள் என்று கேட்டாள். எனக்குக் கேட்கும்படியாகத்தான் கேட்டாள். அவள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் மாதிரி ஒரு கஷ்டத்தை நான் எந்தக் கடலிலும் பட்டதில்லை. அன்று அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை சின்னையாவே என்னைத் தேடி வந்தான். தெங்கேராக் கடற்கரைக்கு நடந்து போனோம். அங்கே மணல் கிடையாது, சேறுதான். தண்ணீர் வடிந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு, அதற்கு அப்பால் அலையாத்திக் காடு. எங்கள் கடற்கரையில் பிணம்கூட மறுநாள் கரை ஒதுங்கிவிடும். இந்தச் சேறு எதையும் திருப்பிக் கொடுக்காது.

அவன் அழுதுகொண்டே சொன்னதை நான் சுருக்கமாகவே எழுதுகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் உத்தியோகம் வாங்கித் தருவதாகத் தலைவர் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பதிலுக்கு நாயகத்தை ஓர் இடத்துக்கு அழைத்து வர வேண்டும், அவ்வளவுதான். நாடு கடத்தப்பட்டவர்களில் ஒருவன் இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாகத் தோணியேறி வந்து தெங்கேராவில் ஒளிந்திருக்கிறான், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறான் என்று சின்னையா போய்ச் சொன்னான். நாயகம் செருப்பைக்கூடத் தேடவில்லையாம். வழியில் கடையில் நிறுத்தி, பசியோடு இருப்பான் என்று ரொட்டி வாங்கிக்கொண்டானாம். அங்கே தலைவருடைய ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

"மிரட்டுவாங்கன்னுதான் நெனச்சேன்" என்றான் சின்னையா. "சேத்துல அண்ணன் கிடக்கிற இடம் எனக்குத் தெரியும். காட்டறேன். ஆனா போலீசுக்குப் போனா அவங்க எங்களை விடமாட்டாங்க. எனக்கு நாலு பிள்ளைங்க. நீங்க என் பேரைச் சொன்னா நான் எதுவும் தெரியாதுன்னு சொல்லிருவேன். இடத்தையும் சொல்ல மாட்டேன்."

"அட பாவி" என்றேன் தமிழில். அந்த வார்த்தை அவனுக்கும் புரிந்தது.

ஒன்று கொலைகாரர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும்; அல்லது நாயகத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. என்னைக் கேட்டால் தலைவரை அந்த மூன்று படத்துக்கும் நடுவிலேயே வைத்து அடித்திருப்பேன். ஆனால் அண்ணன் அவளுடையவன். போய் அமிர்தத்திடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் அலறுவாள் என்று பயந்தேன். அலறவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கிவைத்தாள். அடுப்பை அணைத்தாள். வந்து தரையில் உட்கார்ந்தாள். "கூட்டிட்டுப் போனது சின்னையாவா?" என்று மட்டும் கேட்டாள். சின்ன வயதில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். பிறகு, "எனக்கு என் அண்ணன் வேணும் அபாங். சேத்துல கிடக்க வேண்டாம். நாட்டை அவங்களே வெச்சுக்கட்டும்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். கம்பமே கேட்கும்படி அழுதாள். ஒரு மாதத்து அழுகை.

தண்ணீர் நன்றாக வடிகிற வேளை எது என்று கணக்குப் போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நத்தை பொறுக்கப் போன மீனவர்கள் தற்செயலாகக் கண்டதுபோல ஏற்பாடு செய்தோம். அடையாளம் சொல்ல நான் போனேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். தண்ணீரில் தவறி விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. வாழ்நாள் முழுக்கக் கடலில் நின்றவன் கால் தவறி விழுந்தானாம். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூடிய பெட்டி வாசலில் இருந்தது. கம்பம் முழுக்க வந்திருந்தது. முனியாண்டி கடையை அடைத்துவிட்டு வந்தார். தலைவரும் வந்தார், காரில், பெரிய மலர்வளையத்தோடு, கூடவே அந்த இரண்டு ஆட்களோ வேறு இருவரோ. "சமூகத்துக்கே இழப்பு" என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் வழி விட்டார்கள்.

மலாக்காச் செட்டிகள் எரிப்பதில்லை, புதைக்கிறவர்கள்தான். பிள்ளை இல்லாதவனுக்கு நெருங்கிய பங்காளிதான் குடம் சுமக்க வேண்டும். பங்காளி என்றால் சின்னையா ஒருவன்தான். மாட்டேன் என்றால் ஊர் ஏன் என்று கேட்கும். அவன் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு வந்து நின்றான். மண்குடத்தில் தண்ணீர் நிரப்பித் தோளில் தூக்கி வைத்தார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு காலை எடுத்து வைத்தான்.

அமிர்தம் எழுந்தாள். கூட்டத்துக்கு நடுவே நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள். கையை நீட்டிக் குடத்தை எடுத்தாள். அவனும் கொடுத்தான். தண்ணீர் அவள் கெபாயாவையெல்லாம் நனைத்தது. அப்படியே என்னிடம் நடந்து வந்து என் தோளில் வைத்தாள்.

நான் அவர்கள் சாதியும் இல்லை, சொந்தமும் இல்லை, ஊரும் இல்லை. பூசாரி வாயைத் திறந்தார்; அமிர்தத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பங்காளி நிற்கும்போது குடம் அந்நியன் தோளுக்கு ஏன் போகும் என்று அந்தக் கம்பத்தில் குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு தலையாகச் சின்னையா பக்கம் திரும்பியது. பிறகு, கோயில் கூட்டத்தில் நாயகம் யாரைப் பற்றிப் பேசவிருந்தான் என்று நினைவு வந்ததுபோல, ஒவ்வொன்றாகத் தலைவர் பக்கம் திரும்பியது. அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார்.

பெட்டியை மூன்று தடவை சுற்றினேன். குடத்துத் துளையிலிருந்து தண்ணீர் என் முதுகில் வழிந்தது. எனக்குக் கண் தெரியவில்லை, மங்கலால் அல்ல. குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்றார்கள், நடந்தேன்.

அங்கே பெண்களும் இடுகாட்டுக்கு வருவார்கள். முதல் பிடி மண் நான் போட்டேன், அடுத்தது அமிர்தம், பிறகு கனகம். தலைவர் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். அதற்குள் முனியாண்டி வெட்டியானிடமிருந்து மண்வெட்டியை வாங்கி மண்ணைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். இன்னும் நாலு பேர் கையாலேயே தள்ளினார்கள். கையில் மண்ணோடு தலைவர் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு காருக்குப் போனார்.

குழி மூடி எல்லோரும் கிளம்பினோம். கனகம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அமிர்தத்தோடு நடந்தாள். சின்னையா ஈர வேட்டியோடு அங்கேயே நின்றான். வீட்டுக்கு வா என்று அவனை யாரும் கூப்பிடவில்லை.